டாக்டர் கோமதியின் கார் ஏன் கத்தியது

ராஜபாளையத்திலிருந்து மெக்கானிக் சிக்கந்தர் எனக்கு போன் செய்தால் அது ஒரே விஷயமாகத்தான் இருக்கும்: டாக்டர் கோமதியின் கார். அன்று மதியம் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் ஒரு தீர்ப்பைச் செய்தியாக்கக் காத்திருந்தேன். அவர் பெயர் கைபேசியில் தெரிந்ததும், "என்ன சிக்கந்தர், மறுபடி பெல்ட்டா?" என்றுதான் கேட்டேன்.

"பெல்ட் இல்ல அண்ணாச்சி. டாக்டரம்மா போயிட்டாவ."

சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மோர் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்தான் பார்த்திருக்கிறார். இதையெல்லாம் சிக்கந்தர்தான் சொன்னார். பிறகு, "வண்டி நல்லாத்தான் நிக்குது அண்ணாச்சி. நேத்துகூட ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன். ஒரு சத்தம் இல்ல" என்றார்.

சாவுச் செய்தியோடு காரைப் பற்றி எதற்குச் சொல்கிறார் என்று கோமதியை அறியாதவர்கள் நினைக்கலாம். அறிந்தவர்களுக்குப் புரியும். எனக்கு அந்த நிமிடத்தில் துக்கத்துக்கு முன்னால் எரிச்சல் வந்தது. அது இன்னும் போகவில்லை. போகாததால்தான் இதை எழுதுகிறேன்.

கோமதி கால்நடை மருத்துவர். அரசுப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற பிறகும் அவர் வீட்டில் உட்காரவில்லை. ராஜபாளையத்தில் தறிக்கூடங்கள் நெருங்கிய ஒரு தெருவில் தனியாக இருந்தார். சோழபுரத்திலிருந்தோ வன்னியம்பட்டியிலிருந்தோ பிளவக்கல் அணைக்குப் போகும் வழியில் இருக்கும் ஏதோ ஒரு தோட்டத்திலிருந்தோ அழைப்பு வந்தால், கால்மணி நேரத்தில் காரை எடுத்துவிடுவார். ஓய்வுபெற்ற வருடம் வாங்கிய டீசல் கார் அது. பஸ் போகாத இடங்களுக்கு அவரைக் கொண்டுபோனது அதுதான். கார் நின்றால் அவர் வேலையும் நின்றுவிடும். இது அவருக்குத் தெரியும். சென்னையில் இருக்கும் அவர் மகன் கார்த்திக்குக்கும் தெரியும்.

எனக்கு அவர் பழக்கமானது ஒரு செய்திக்காக. மாடுகளுக்கு வந்த காய்ச்சல் பற்றிக் கேட்கப் போனேன். "எல்லாரும் என்ன நோய்னுதான் கேக்கிய. நேத்து என்ன போட்டன்னு ஒருத்தனும் கேக்க மாட்டேங்கியளே" என்றார். மாடு சரிந்து கிடக்கும் தொழுவத்தில் நுழைந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்: நேத்து என்ன போட்ட? மாட்டைத் தொடுவதற்கு முன்னால் தொட்டியைப் பார்ப்பார். தீனி மாறியிருக்கும், அல்லது கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றைப் பாசமாகக் கொட்டியிருப்பார்கள். "மாடு சாவுறது பாதி பாசத்துலதான்" என்று அவர் சொல்லி நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தப் பேட்டிக்குப் பிறகு அவர் என்னை "நிருபரே" என்று கூப்பிடத் தொடங்கினார். கடைசிவரை வேறு பெயர் சொல்லவில்லை.

கார் முதன்முதலில் நின்றபோது நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். பிளவக்கல் போகும் வழியில் ஒரு வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்ததும் பானட்டுக்குள்ளிருந்து பன்றி அலறுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. பிறகு ஒரு அடி விழுந்ததுபோல் 'டப்' என்றது. ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. பாட்டரி விளக்கு எரிந்தது, இஞ்சின் சூடு ஏறத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தால் விரல் அகலமுள்ள ரப்பர் பெல்ட் ஒன்று கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வண்டியில் இஞ்சின் சுற்றும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், ஸ்டீயரிங்கை லேசாக்கும் பம்ப், தண்ணீர் பம்ப், ஏசி நான்கையும் சுற்றவைப்பது அந்த ஒரே பெல்ட்தான். அது போனால் எல்லாம் போகும்.

"எருமை கன்னு போட நிக்கி, இது இப்படி நிக்கே" என்றார் கோமதி. ஒரு பைக்கை மறித்து ஏறிப் போய்விட்டார். நான் காரோடு வெயிலில் நின்றேன்.

சிக்கந்தர் புது பெல்ட் மாட்டினார். சில வாரங்களில் சத்தம் திரும்ப வந்தது. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்துவிட்டது என்று அதை மாற்றினார். மறுபடி வந்தது. ஆல்டர்னேட்டர் பேரிங், பிறகு ஸ்டீயரிங் பம்பில் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லி. பெல்ட் மேல் ஈரமாக எண்ணெய் தெரிந்ததால் பம்பில் கசிவு என்று அதிலிருக்கும் ஆயில் சீல் ரப்பரையும் மாற்றினார். ஒவ்வொன்றையும் மாற்றும்போது "இதுதாம்மா, இனி வராது" என்பார். ஒவ்வொரு முறையும் வந்தது.

"ஏலே சிக்கந்தர், இந்த வண்டியில நீ மாத்தாம மிச்சம் வச்சது நான் ஒருத்திதான்" என்றார் கோமதி ஒருநாள்.

"உங்கள மாத்த முடியாதும்மா. ஸ்பேர் கெடைக்காது."

சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழுது பார்த்துத் திரும்பும் வழியிலேயே அவர் டேஷ்போர்டைத் திறந்து ஒரு குளியல் சோப்புத் துண்டை எடுத்துக் காட்டினார். சத்தம் வந்தால் ஓடும் பெல்ட்டில் சோப்பைத் தேய்த்தால் கொஞ்ச நேரம் அடங்கும் என்று லாரிக்காரர் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். "அக்கா, வயிறு ஊதின மாட்டுக்கு வீக்கத்துல மட்டும் மருந்து தடவுனா நீங்க என்ன திட்டு திட்டுவீங்க? இப்ப நீங்க செய்றது அதுதானே?" என்றேன். "மாடு எனக்குத் தெரியும் நிருபரே. இது தெரியாது. தெரிஞ்சவன் சொல்றதக் கேக்கேன்" என்றார். தொழுவத்தில் யார் பேச்சையும் நம்பாதவர், தன் காருக்கு மட்டும் சொன்னதையெல்லாம் நம்பினார்.

கிராமங்களில் அந்தச் சத்தமே அவருக்கு ஹாரன் ஆகிவிட்டது. தெருமுனையில் வண்டி திரும்பும்போதே "டாக்டரம்மா வந்தாச்சு" என்று மாட்டைப் பிடித்துக் கட்டுவார்கள்.

இந்த நேரத்தில்தான் கார்த்திக் கறாராகப் பேசத் தொடங்கினார். அவர் கெட்ட மகன் இல்லை. எழுபதைத் தாண்டிய அம்மா காட்டுப் பாதையில் ஸ்டீயரிங் இறுகிப்போன காரோடு நிற்பதை நினைத்து அவருக்குத் தூக்கம் வரவில்லை. ஒவ்வொரு முறை வண்டி நின்றதும் அவர் சொல்வார்: "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா சாவிய வாங்கிட்டுப் போயிருவேம்மா." கோமதி ஒவ்வொரு முறையும், "சரியாயிடுச்சுப்பா, சிக்கந்தர் பாத்துட்டான்" என்பார். அந்தச் சொல்லை அவர் எத்தனை தடவை செலவழித்தார் என்று பின்னால்தான் எங்களுக்கு உறைத்தது.

காரணம் தெரிந்தது தற்செயலாக. ஸ்ரீவில்லிபுத்தூரில் முருகேசன் என்பவர் வாட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். கோமதியின் கார் அவரிடம்தான் கழுவப்படும். முருகேசனின் இரண்டு மாடுகள் மருந்தடித்த பருத்திச் செடியைத் தின்று விழுந்தபோது, இரவும் பகலும் கூடவே இருந்து எழுப்பிவிட்டவர் கோமதி. அன்றிலிருந்து அந்தக் கார் முருகேசனுக்குத் தேர் மாதிரி. கோமதியை வெயிலில் நிற்க விடமாட்டார். "நீங்க போங்கம்மா, நானே கொண்டாந்து விடுதேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டு, கழுவி, ராஜபாளையம்வரை ஓட்டி வந்து விட்டுப் போவார். அதனால் கழுவுவதை கோமதி ஒருநாளும் பார்த்ததில்லை. சிக்கந்தரும் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு பழுதுக்கும் முன்னால், "கசிவு எங்கன்னு தெரியணும், வாட்டர் சர்வீஸ் பண்ணிட்டுக் கொண்டாங்க" என்று அவரே அனுப்பிவைப்பார்.

ஒருநாள் ஒரு விபத்துச் செய்திக்காக அந்தப் பக்கம் போனபோது கடையில் கோமதியின் கார் நிற்பதைக் கண்டேன். பானட் திறந்திருந்தது. தண்ணீர் அடித்து முடித்த முருகேசன், காற்றுக் குழாயோடு இணைத்த துப்பாக்கியால் இஞ்சின் முழுக்க எதையோ பனிபோலத் தெளித்துக்கொண்டிருந்தார். புல்லிகள், பெல்ட், ஒன்றையும் விடவில்லை.

"என்ன முருகேசன் அது?"

"டீசல் சார். இது அடிச்சாத்தான் இஞ்சின் புதுசு கணக்கா மினுங்கும். மத்த வண்டிக்கு மேலாக்க ஒரு தடவ அடிப்பேன். அம்மா வண்டிக்கு ரெண்டு கோட்டு. கேட்டா அடிக்கிறது? நம்மளா செய்யணும்லா."

அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. அதனால்தான் பெல்ட் கழல்கிறதா என்று எனக்கே நிச்சயமில்லை. தெருவுக்கு வந்து சிக்கந்தருக்கு போன் செய்தேன். பார்த்ததைச் சொன்னேன்.

"பெல்ட்டுலயா? டீசலா? அட அல்லாவே."

மறுநாள் கோமதியும் நானும் சிக்கந்தரின் பட்டறையில் நின்றோம். கழற்றிய பெல்ட்டை சிக்கந்தர் விரலால் அழுத்திக் காட்டினார். ரப்பர் ஊறி இளகியிருந்தது. புல்லியின் பள்ளங்களைத் திருப்புளியால் நோண்டினார். நார் நாராகக் கறுப்புப் பஞ்சு வந்தது. கோமதியின் தெருவில் தறிகள் பறக்கவிடும் பஞ்சுத் தூசி, டீசல் ஈரத்தில் வந்து ஒட்டி, பள்ளங்களை அடைத்துக் கம்பளிபோல இறுகியிருந்தது. பெல்ட்டுக்கு உட்கார இடமில்லை. ஊறிய பெல்ட் வழுக்கிக் கத்தியது, பிறகு விளிம்பில் ஏறிக் கழன்றது. டீசல் வண்டி என்பதால் அந்த வாடை யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. எண்ணெய்ப் பசை பம்பின் கசிவாகத் தெரிந்தது. மாற்றிய சாமான் ஒன்றிலும் கோளாறு இருக்கவில்லை.

"நேத்து என்ன போட்டன்னு நீ கேக்கலியேலே" என்றார் கோமதி.

"நீங்களும் கேக்கலியேம்மா."

"நானும் கேக்கல." அந்தப் பஞ்சை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முருகேசனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்ல மறுத்தார் கோமதி.

"அவன் ஆசையா செய்றான் நிருபரே. நீ ஆசையா செஞ்சதுதான் என் வண்டியக் கெடுத்துச்சுன்னு எப்படிச் சொல்லுவேன்? பொறவு பாத்துக்கலாம்."

"தீனி போட்டவன்கிட்ட மூஞ்சிக்கு நேரா சொல்லுவீங்களே அக்கா. முருகேசனுக்கு மட்டும் ஏன் இல்ல?"

"அங்க மாடு சாகும். இங்க பெல்ட்டுதான."

அவரோடு எனக்கு நிஜமாகச் சண்டை வந்தது அன்றுதான். அவர் கேட்கவில்லை. சிக்கந்தர் பள்ளங்களைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம்செய்து புது பெல்ட் மாட்டினார். கோமதி முருகேசன் கடைப் பக்கமே போகாமல், காரைக் கழுவாமல் ஓட்டினார். மழைக்காலம். வண்டி முழுக்கச் செம்மண். ராஜபாளையம் கடைத்தெருவில் அந்தக் கோலத்தில் காரைப் பார்த்த முருகேசனுக்குப் பொறுக்கவில்லை. கோமதி மதியத் தூக்கத்தில் இருந்தபோது வீட்டுக்கே வந்து, வாளியில் தண்ணீர் பிடித்துக் கழுவி, கையோடு கொண்டுவந்த டீசல் ஸ்பிரே பாட்டிலால் இரண்டு கோட்டு அடித்துவிட்டுப் போனார். எழுந்து வந்து பளபளக்கும் காரைப் பார்த்த கோமதி எனக்கு போன் செய்து சிரித்தார். "அம்புட்டுப் பாசம்யா அவனுக்கு" என்றார். உடனே சிக்கந்தரிடம் கொண்டுபோய்த் துடைக்கச் சொன்னேன். "நாளைக்குப் போறேன்" என்றார்.

மறுநாள் காலையில் வன்னியம்பட்டி சீனிச்சாமி வீட்டுப் பசுவுக்குப் பிரசவ வலி. கன்று குறுக்கே கிடந்தது. சீனிச்சாமி பதறிப்போய், கன்றை இழுக்கும் கயிற்றோடு பைக்கில் ராஜபாளையத்துக்கே வந்துவிட்டார். கயிற்றைக் காரில் போட்டுவிட்டு, மாட்டைப் பார்க்க முன்னால் விரைந்தார். விடுமுறைக்கு வந்திருந்த கார்த்திக்கும் அம்மாவோடு காரில் ஏறினார். ஊரைத் தாண்டி ஒரு திருப்பத்தில் பெல்ட் கத்தியது, கழன்றது. அன்று பார்த்துச் சாலையில் ஒரு பைக்கும் கிடைக்கவில்லை. கோமதி நடந்தே போய்ச் சேர்ந்தபோது பசு கிடந்த இடத்திலேயே அடங்கியிருந்தது. கன்றும் இல்லை.

கார்த்திக் அம்மாவைத் திட்டவில்லை. காரை இழுத்து வந்து வீட்டில் நிறுத்தியதும் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். அன்று மாலையே சென்னைக்கு பஸ் ஏறினார்.

அடுத்த நாள் கோமதி பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து முருகேசன் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். நேராகச் சொன்னார்: "முருகேசா, நீ அடிச்ச டீசல்லதான் பெல்ட் கழலுது. முன்னாலயே சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டேன், ஒரு மாடு செத்துப்போச்சு."

முருகேசன் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தார். அழுவார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம்தான் வந்தது.

"ஏம்மா சொல்லல? நான் என்ன சின்னப் பிள்ளையா? சொன்னா செத்துப்போவேனா?"

"சொல்லியிருக்கணும்லே" என்றார் கோமதி மறுபடியும். முருகேசன் இப்போது எந்த வண்டிக்கும் பெல்ட் பக்கம் டீசல் அடிப்பதில்லை. யாராவது மினுக்கக் கேட்டால் அரைமணி நேரம் பாடம் நடத்துகிறார்.

சிக்கந்தர் வீட்டுக்கே வந்து புல்லிகளைச் சுத்தம்செய்து, புது பெல்ட் போட்டு, மாற்றுச்சாவியால் ஓட்டிப் பார்த்தார். சத்தம் இல்லை. கோமதி மகனுக்கு போன் செய்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"சரியாயிடுச்சுப்பா. இந்தத் தடவ காரணமே தெரிஞ்சிருச்சு."

"இதத்தாம்மா போன தடவையும் சொன்னீங்க. அதுக்கு முந்தின தடவையும்."

நானும் அவரிடம் பேசினேன். டீசல், பஞ்சு, பெல்ட் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். "நீங்களும் அம்மா கட்சிதான் மாமா" என்றார். மாற்றுச்சாவியையும் அடுத்த வருகையில் வாங்கிப் போனார். இதில் யாரைக் குறை சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வண்டியின் கோளாறு போய்விட்டது. ஒவ்வொரு பழுதுக்கும் "சரியாயிடுச்சு" என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன நம்பிக்கைக்கு மட்டும் மாற்றுச் சாமான் கிடைக்கவில்லை. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்துவைக்க சிக்கந்தரிடம் ஒரு சாவியை விட்டிருந்தார் கார்த்திக், அதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது என்ற கண்டிஷனோடு. சிக்கந்தர் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். கோமதியும் அவரிடம் சாவியைக் கேட்டதில்லை.

நன்றாக ஓடும் ஒரு காரை வாசலில் வைத்துக்கொண்டு, கடைசி மாதங்களில் அவர் ஷேர் ஆட்டோவிலும், யாராவது வந்து ஏற்றிப்போகும் பைக்கிலும் போனார். தூரத்து அழைப்புகள் குறைந்தன, பிறகு நின்றன. "கூப்பிட்டா வர முடியாதவளக் கூப்பிட்டு என்ன செய்யப் போறாவ?" என்றார். நான் பார்க்கப் போகும்போதெல்லாம் பூட்டாமல் நிற்கும் காரின் பானட்டைத் திறந்து பெல்ட்டை அழுத்திப் பார்த்துக்கொண்டிருப்பார். "கல்லு மாதிரி இருக்கு பாரும்" என்பார். "சத்தம் நின்னா சீக்கு போச்சுன்னு நெனச்சேன் நிருபரே. ஏன் வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் போச்சு. தெரிஞ்ச பொறவு வாயத் தொறக்கணும். அது அதவிட முக்கியம்."

காரியங்கள் முடிந்த மறுநாள் கார்த்திக் என்னைக் கூப்பிட்டார். காரின் பின்பக்கத்தில் சீனிச்சாமியின் கயிறு அப்படியே கிடந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டும், வழி காட்ட வாருங்கள் என்றார். அதே இருக்கையில் உட்கார்ந்தேன். சீனிச்சாமி வீட்டு முன்னால் குறுகலான இடம். வண்டியைத் திருப்ப ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடிக்க வேண்டும். கார்த்திக் ஒடித்தார். அந்தச் சத்தத்துக்காக என் பற்கள் தாமாக இறுகின. ஒன்றும் கேட்கவில்லை.

தொழுவத்திலிருந்து எட்டிப் பார்த்த சீனிச்சாமி திகைத்து நின்றார். "அம்மா வண்டிதான? வந்ததே தெரியலியே. தெருமுக்குலயே கத்துமே."

கயிற்றை வாங்கிக்கொண்டு அவர் உள்ளே போன பிறகு கார்த்திக் மறுபடி வண்டியில் ஏறினார். இடப்பக்கம் கடைசிவரை ஒடித்தார். வலப்பக்கம் ஒடித்தார். ஏசியைப் போட்டு மறுபடி ஒடித்தார். பிறகு இஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங் மேல் கைகளை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அம்மா சொன்னது நெசந்தானா மாமா?"

"நெசந்தான்."

அதற்கு மேல் சொல்ல என்னிடம் இருந்தது, ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. முருகேசன் விஷயத்தில் கோமதிக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று அப்போது கொஞ்சம் விளங்கியது. விளங்கியும் கோமதிமேல் எனக்கிருந்த கோபம் குறையவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு கேள்வி. எந்தச் செய்திக்குப் போனாலும் என்ன ஆனது என்று கேட்பதற்கு முன், அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது என்று கேட்கிறேன். கோபத்தையும் வைத்துக்கொண்டிருக்கிறேன். முதலாவதைக் கேட்பவர்களுக்கெல்லாம் கொடுப்பேன். இரண்டாவது எனக்கும் டாக்டர் கோமதிக்கும் இடையே உள்ளது. அவர் வந்து பதில் சொல்லும்வரை இருக்கட்டும்.